கடலோர மக்களும் நம் கேமராவும்

சேலம், நாமக்கல் பக்கம் பிறந்து வளர்ந்த நமக்குக் கடல் என்றால் ராத்திரி பஸ் ஏறி, விடியற்காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்குகிற இடம். நம்ம ஊரில் ஏரி உண்டு, மேட்டூர் அணை உண்டு, மோகனூரில் அகலமாக ஓடுகிற காவிரி உண்டு. அலை மட்டும் கிடையாது. அதனால்தான் கல்விச் சுற்றுலாவில் எண்ணூர், ராமேஸ்வரம், தூத்துக்குடி என்று போய் இறங்கியதும் அத்தனை பேர் கையிலும் செல்போன் ஏறிவிடுகிறது. வலை இழுக்கிற அண்ணன், கருவாடு காயவைக்கிற பாட்டி, மணலில் விளையாடுகிற குழந்தை, எல்லோரையும் 'க்ளிக்' பண்ணிட்டு பஸ் ஏறிடறோம்.

அவர்களிடம் கேட்டோமா? எடுத்த படத்தை அவர்களுக்குக் காட்டினோமா? அந்தப் படத்தில் அவர்கள் வாழ்கிற இடம் இருந்ததா, அல்லது நமக்குப் பிடித்த அழகு மட்டும் இருந்ததா? கடலோரப் பழங்குடி மக்களையும் அவர்கள் மண்ணையும் படமெடுப்பது எப்படி என்பதை, கொஞ்சம் வரலாற்றோடும் கொஞ்சம் டெக்னிக்கோடும் பார்ப்போம்.

ஆளில்லாத இடம்

கதை நம்ம ஜில்லாவிலிருந்தே தொடங்குகிறது என்றால் நம்புவீர்களா? சென்னை மாகாண அரசு 1850-களில் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியைத் தன் அதிகாரப்பூர்வப் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 கடைசியில் பெங்களூரிலிருந்து கிளம்பிய அவர் சேலம், திருச்சி, மதுரை, தஞ்சை என்று சுற்றினார். 1858-ல் வெளிவந்த அவருடைய ஆல்பங்களில் ஒன்று, ராயக்கோட்டையையும் சேலம் ஜில்லாவின் மற்ற இடங்களையும் பற்றியது. அப்போதைய சேலம் ஜில்லா என்பது இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரியையும் சேர்த்தது.

அவர் அதிகம் பயன்படுத்தியது மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ். இன்றைய சென்சாரோடு ஒப்பிட்டால் அதன் ஒளி உணர்திறன் மிகமிகக் குறைவு. ஒரு படத்துக்கு லென்ஸ் மூடியைக் கழற்றி நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கோட்டை அசையாது, பாறை அசையாது. நடந்துபோகிற மனிதன் படத்தில் பதியவே மாட்டான். விளைவு என்ன? அழகான மலை, அழகான கோட்டை, ஆனால் பெரும்பாலான படங்களில் ஆள் இல்லை. அந்த ஊரில் உழுதவர், நெய்தவர், ஆடு மேய்த்தவர் ஒருவரும் இல்லாத மாதிரி ஒரு நிலம்.

இதில் டிரைப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ரசாயனம் அப்படி. ஆனால் நம் செல்போன் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியிலும் படம் எடுக்கும். அப்படியிருந்தும் சூரிய உதயத்தை எடுக்கும்போது, "அந்த ஆளு கொஞ்சம் நகர்ந்தா நல்லாருக்கும்டா" என்று நாம் சொல்கிறோமே, அதற்கு ரசாயனத்தைக் காரணம் காட்ட முடியுமா?

இடமில்லாத ஆள்

இதற்கு நேர் எதிரான கதை அந்தமானில் நடந்தது. சென்னையிலிருந்து கப்பல் போகிற, தமிழர்கள் ஏராளமாகக் குடியேறிய தீவுகள் அவை. ஆனால் அவற்றின் மூத்த குடிகள் கிரேட் அந்தமானியர், ஓங்கே, ஜாரவா, சென்டினலீஸ் ஆகிய மக்கள். மாரிஸ் விடால் போர்ட்மேன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1890-களில் பிரிட்டிஷ் மியூசியத்துக்காக அந்தமான் மக்களை வரிசையாகப் படமெடுத்தார். அவற்றில் பல படங்களில் பின்னணி என்ன தெரியுமா? கடல் இல்லை, காடு இல்லை, குடிசை இல்லை. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஒரு திரை. அதற்கு முன்னால் ஆளை நேராக ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை நிற்க வைத்துப் படம்.

கட்டம் எதற்கு? அளப்பதற்கு. ஜான் லாம்ப்ரே என்பவர் 1869-ல் சொன்ன முறை இது. ஒரு சட்டத்தில் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகப் பட்டு நூலைக் குறுக்கும் நெடுக்கும் கட்டி, அதன் முன் மனிதனை நிறுத்தினால் படத்தைப் பார்த்தே உயரம், தோள் அகலம் எல்லாம் கணக்கிடலாம். நம்ம டிராயிங் ஹாலில் கிராஃப் ஷீட்டில் ஒரு பாகத்தை வரைகிறோமே, அதே யுக்தி. இயந்திரப் பாகத்துக்கு அது சரி. மனிதனை அப்படி நிறுத்தினால் அவனும் ஒரு பாகமாகிவிடுகிறான். அவன் பேர் என்ன, அவன் எந்த விரிகுடாவில் மீன் அடித்தான், அவன் நிற்கச் சம்மதித்தானா, எதுவும் அந்தக் கட்டத்தில் பதியாது.

அதே போர்ட்மேன் 1880-ல் வடக்கு சென்டினல் தீவுக்கு ஒரு குழுவை அழைத்துப் போனார். ஒரு வயதான தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்து போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார்கள். பெரியவர்கள் இருவரும் நோயில் விழுந்து இறந்துபோனார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருட்களோடு திரும்பக் கொண்டுபோய்த் தீவில் விட்டுவிட்டு வந்தார்கள். வெளியாள் வந்தால் என்ன ஆகும் என்பதை அந்தத் தீவு அனுபவித்துக் கற்றது அப்படித்தான்.

அம்பு சொன்ன பதில்

1974-ல் அதே தீவுக்கு ஒரு படக்குழு போனது. கரையில் தேங்காய், பாத்திரம் என்று பரிசுகளை வைத்துவிட்டுப் படம் பிடிக்க முயன்றபோது, இயக்குநரின் தொடையில் அம்பு பாய்ந்தது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, உயிர் பிழைத்தார்களா என்று பார்க்கப் போன கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரை நோக்கி ஒருவர் வில்லை வளைத்து நிற்கும் படம் உலகம் முழுக்கப் பரவியது. "எடுக்காதே" என்பதை இதைவிடத் தெளிவாக ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்? இன்று அந்தத் தீவைச் சுற்றி 5 கடல் மைல் தூரத்துக்குள் யாரும் போகக்கூடாது என்பது சட்டம்.

ஜாரவா மக்களின் கதை வேறு. அவர்கள் காட்டின் நடுவே நெடுஞ்சாலை போகிறது, சுற்றுலா வண்டிகள் போகின்றன. சாப்பாட்டுப் பொருளைக் காட்டி ஜாரவா பெண்களை ஆடச் சொல்லி எடுத்த வீடியோ ஒன்று 2012 ஜனவரியில் வெளிநாட்டுப் பத்திரிகை மூலம் வெளியே வந்து, நாடே தலைகுனிந்தது. அந்தமான் பழங்குடிகளுக்கான 1956-ஆம் வருடப் பாதுகாப்பு ஒழுங்குமுறை அதே 2012-ல் திருத்திக் கடுமையாக்கப்பட்டது. பாதுகாக்கப்பட்ட அந்தப் பழங்குடிகளை அனுமதியில்லாமல் படமெடுப்பது இப்போது சிறைக்குப் போகிற குற்றம். ஆகவே அந்தமான் டூர் போகிற நண்பர்களுக்கு ஒரே வரிதான்: அங்கே கேமராவைப் பையில் வையுங்கள்.

எண்ணூரில் இருளர்

சரி, அந்தமான் தூரம். நம் தமிழ்நாட்டுக் கடலோரத்தில் பழங்குடி உண்டா? உண்டு. இருளர் என்றால் நமக்குப் பாம்பு பிடிப்பவர்கள், நீலகிரி அடிவாரத்துக்காரர்கள் என்றுதான் ஞாபகம் வரும். வடசென்னை எண்ணூர், பழவேற்காடு பக்கம் ஆற்றிலும் கழிமுகத்திலும் இறங்கி மீன், இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மிகவும் நலிவடைந்த பழங்குடிகள் என்று அரசு பட்டியலிட்டிருக்கும் ஆறு சமூகங்களில் இருளரும் ஒன்று.

அவர்களில் பலருக்குப் படகு இல்லை, பெரிய வலை இல்லை. கொசஸ்தலை ஆற்றில் மார்பளவு தண்ணீரில் இறங்கி, அடிச் சேற்றைக் கையால் தடவித்தடவி இறால் பிடிக்கிறார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால், பிடித்ததைப் போடும் கூடையைப் பல்லில் கடித்துக்கொள்கிறார்கள். பெண்களும் மணிக்கணக்கில் அப்படித் தண்ணீரில் நிற்கிறார்கள்.

இங்கேதான் நம் கேள்வி கூர்மையாகிறது. அந்த அம்மாவைப் படமெடுக்க நான்கடி நகர்ந்து, லென்ஸைக் கொஞ்சம் தாழ்த்தினால் பின்னணியில் தண்ணீரும் அலையாத்திச் செடியும் மட்டும் வரும். "இயற்கையோடு இயைந்த பழங்குடி வாழ்க்கை" என்று தலைப்பு வைத்துப் பரிசுகூட வாங்கிவிடலாம். லென்ஸை உயர்த்தினால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி வந்துவிடும்.

நிலக்கரியை எரித்தபின் வருகிற சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்கு அனுப்புவார்கள் என்று பவர் பிளான்ட் பாடத்தில் படிக்கிறோம். நம்ம மேட்டூரிலும் அனல் மின் நிலையம் இருக்கிறது. வடசென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் வருடக்கணக்காகக் கசிந்து, அந்தச் சாம்பல் எண்ணூர் கழிமுகப் பகுதியில் படிந்தது பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போன விஷயம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கலந்து அதே கழிமுகத்தில் பரவியது. வலையெல்லாம் கறுப்பு, படகெல்லாம் கறுப்பு. கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்கு அது தோல் மேலேயே வந்து ஒட்டுகிற சங்கதி.

தமிழ்நாட்டு மின்தொகுப்பு ஒன்றுதான். நம்ம ஹாஸ்டல் ஃபேன் சுற்றுவதற்கும் அந்த ஆற்றுக்கும் சம்பந்தமே இல்லை என்று மின்னியல் படிக்கிற யாரும் சொல்ல முடியாது. புகைபோக்கியை வெட்டிவிட்டு எடுத்த படம் கண்ணுக்குக் குளிர்ச்சி, ஆனால் பாதிப் பொய். டிரைப் படத்தில் ஆள் இல்லை, போர்ட்மேன் படத்தில் இடம் இல்லை. ஆளும் இருக்க வேண்டும், அவர் இடமும் இருக்க வேண்டும், அந்த இடத்துக்கு என்ன நடக்கிறது என்பதும் இருக்க வேண்டும். அதுதான் முழுப் படம்.

அப்படி எடுக்கிறவர்கள் இருக்கிறார்களா? இருக்கிறார்கள். எம். பழனிகுமார் மதுரை ஜவஹர்லால்புரத்துக்காரர், மீன் விற்ற தாயின் மகன். 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். 'பாரி' என்கிற கிராமப்புற இந்தியாவின் மக்கள் ஆவணக்காப்பகத்துக்காக எண்ணூர் இருளர்களையும், ராமநாதபுரம் பாரதி நகரின் கடற்பாசிப் பெண்களையும் பலமுறை போய்ப் படமெடுத்தவர். 2022-ல் தயானிதா சிங் - பாரி விருது பெற்றார். இவற்றுக்கெல்லாம் மேலாக, மீனவர், துப்புரவுத் தொழிலாளர் வீட்டுக் குழந்தைகளுக்கு அவரே கேமரா பிடிக்கச் சொல்லிக் கொடுக்கிறார். கேமரா கை மாறும்போது சட்டகத்துக்குள் எது வரவேண்டும் என்று தீர்மானிக்கிற அதிகாரமும் கை மாறுகிறது.

ஒரு படம் வழக்காகலாம்

மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்கள் சேலைமேல் ஆண்கள் சட்டை போட்டு, கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலில் முங்குகிறார்கள். பாறையில் கை கிழியாமல் இருக்கத்தான் துணி. அவர்கள் எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் கிடைக்கிறது. கட்டக்கோரை போன்ற பாசிகளிலிருந்து அல்ஜினேட் கிடைக்கிறது. துணியில் அச்சடிக்கும்போது சாயத்தைக் கெட்டியாக்கச் சேர்ப்பது அல்ஜினேட்தான் என்பது டெக்ஸ்டைல் படிக்கும் நண்பர்களுக்குத் தெரியும்.

அங்குள்ள 21 தீவுகளும் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாகப் போன இடத்துக்குப் போவதே குற்றம் என்றாகிவிட்டது. பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி போன்றவர்கள் பெண்களைச் சேர்த்து, பாசி எடுக்கிற நாட்களை மாதம் 12-ஆகத் தாங்களே குறைத்துக்கொண்டு, அதிகாரிகளோடு பேசினார்கள். 2015-ல் அவருக்கு 'சீகாலஜி' என்ற சர்வதேசப் பரிசு கிடைத்தது.

இப்போது யோசியுங்கள். நாம் விளையாட்டாக எடுத்த படத்தில் முகம் தெளிவு, பின்னால் தீவு தெளிவு, படத்துக்குள்ளேயே செல்போன் பதிந்துவைத்த தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் தெளிவு. நமக்கு அது லைக். அந்த அக்காவுக்கு அதுவே சாட்சியமாகிவிடலாம். ஆகவே இப்படிப்பட்ட இடங்களில் இடப்பதிவை நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும். முகமே தேவையில்லை என்றால் துணி சுற்றிய கைகளை மட்டும் எடுக்கலாம். அந்தக் கை முகத்தைவிட அதிகம் பேசும்.

கொஞ்சம் டெக்னிக்கல்

கேமராவின் ஒளிமானி ஒரு முட்டாள் வேலைக்காரன். தன் முன்னால் இருப்பது எல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொள்ளும். அதாவது விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பரப்பு. கடற்கரையில் மணலும் வானமும் நீரும் பளபளவென்று இருக்கும். ஒளிமானி மிரண்டுபோய் ஒளியைக் குறைக்கும். நடுவில் நிற்கிற கறுத்த முகம் கரிக்கட்டையாகிவிடும். இதில் வரலாறும் கலந்திருக்கிறது. கலர் பிரின்ட் சரிபார்க்க கோடாக் கம்பெனி அனுப்பிய அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண் முகமே அளவுகோல். நம்ம தோலுக்கு யாரும் அளவு வைக்கவில்லை. அதை நாம்தான் சரிசெய்துகொள்ள வேண்டும்.

செல்போனில்: திரையில் முகத்தின்மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் ஒளி அளவு பூட்டிக்கொள்ளும். பிறகு பக்கத்தில் வருகிற சூரியன் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள்.

கேமராவில்: நல்ல வெயிலில் எஃப் 16 துவாரம், ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100 விநாடி என்பது பழைய கணக்கு. கறுத்த முகத்துக்கு ஒரு ஸ்டாப் திறந்து எஃப் 11 வையுங்கள். இன்னொரு வழி: அதே வெயிலில் உங்கள் உள்ளங்கையை அளந்து, அதிலிருந்து ஒரு ஸ்டாப் அதிகம் கொடுங்கள்.

நடுப்பகல் வெயில் கண்குழியை இருட்டாக்கும். காலை எட்டு மணிக்குள், மாலை நாலரைக்கு மேல் எடுங்கள். நேரம் இல்லையென்றால் நண்பனை ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். அதில் பட்டுத் திரும்பும் ஒளி முகத்தை எழுப்பும்.

உப்புக்காற்று லென்ஸுக்கு எமன். கடற்கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். உப்புப் படிந்தால் காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறல் விழும். நல்ல தண்ணீரில் லேசாக ஈரமாக்கிய மெல்லிய துணியால் ஒற்றியெடுங்கள்.

கேட்பது எப்படி?

முதல் அரைமணி நேரம் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். உட்காருங்கள், பேசுங்கள். "அக்கா, நாங்க சேலத்துல இருந்து வர்றோம், பாலிடெக்னிக்ல படிக்கிறோம். நீங்க வேலை செய்றத ஒரு படம் எடுத்துக்கலாமா? எடுத்ததும் காட்டுறேன், பிடிக்கலன்னா உடனே அழிச்சிடறேன்." இவ்வளவுதான். படம் எங்கே போகும், காலேஜ் கண்காட்சிக்கா, செல்போன் ஸ்டேட்டஸுக்கா என்பதையும் சொல்லிவிட வேண்டும். "வேண்டாம் தம்பி" என்றால் சிரித்துக்கொண்டே கும்பிடு போட்டு நகர்ந்துவிடுங்கள். காசு கொடுத்து, மிட்டாய் கொடுத்து சம்மதம் வாங்குவது சம்மதம் ஆகாது. ஜாரவா வீடியோவில் நடந்ததும் அதுதான். குழந்தை என்றால் குழந்தையும் சரி சொல்ல வேண்டும், பெற்றவரும் சரி சொல்ல வேண்டும்.

எடுத்த படத்தை பிரின்ட் போட்டு அனுப்பி வையுங்கள். ஒரு டீ, ஒரு வடை செலவு. அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டத் தகுந்த படமா என்று எடுக்கும்போதே யோசித்தால், பாதிப் பிழை தானாகக் குறைந்துவிடும். படத்தின் கீழே "மீனவப் பெண்" என்று எழுதாதீர்கள். சம்மதித்தால் அவர் பேரையும், என்ன வேலை செய்கிறார் என்பதையும் எழுதுங்கள். சம்மதிக்காவிட்டால் வேலையை மட்டும் எழுதுங்கள்.

நம்ம ஊரிலேயே பழகலாம்

இதற்கெல்லாம் கடலுக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டாம். மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்தது. நீர்மட்டம் இறங்கும்போது பண்ணவாடியில் மூழ்கிய கோயிலின் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். கூட்டம் கூட்டமாகப் போய்ப் படமெடுக்கிறோம். அதே நீரில் பரிசல் போட்டு மீன் பிடிக்கிறவரை எத்தனை பேர் எடுத்தோம்? தண்ணீர் இறங்கினால் அவர் பாடு என்ன என்று எத்தனை பேர் கேட்டோம்? கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தலையில் சுமையோடு நடக்கும்போது, வண்டி ஜன்னலிலிருந்தே எடுத்துவிட்டு அடுத்த வளைவில் திரும்பிவிடுகிறோமே, அவர்களும் "கேட்டு எடு தம்பி" என்றுதானே நினைப்பார்கள்?

மேட்டூரில் மதகைத் திறந்தால் அந்தத் தண்ணீர் நாமக்கல்லைத் தொட்டு, திருச்சியைத் தாண்டி, பூம்புகாரில் கடல் சேர்கிறது. கடலோர மக்கள் அந்நியர்கள் இல்லை, நம்ம ஆற்றின் கடைசிப் பக்கத்து வீட்டுக்காரர்கள். அடுத்த சுற்றுலாவில் பஸ் நின்றதும் முதலில் மனிதரிடம் போவோம், பிறகு கேமராவை எடுப்போம். ஊர் திரும்பிய பிறகு பிரின்ட்டைத் தபாலில் போடுவோம். நம்மில் ஒருவர் அப்படிச் செய்தாலும் இந்தக் கட்டுரை எழுதியதற்குப் பலன் கிடைத்துவிட்டது.